18 வயசு ஆனா முடிவெடுக்கும் உரிமை போயிடுமா? அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் கையிலேயே பட்ஜெட்டைக் கொடுக்கும் கலிஃபோர்னியா!

18 வயசு ஆனதும் உங்களுக்கு என்னெல்லாம் கிடைச்சது? ஓட்டு, லைசென்ஸ், தனி பேங்க் அக்கவுன்ட், வீட்ல சொல்லாமலே சினிமாவுக்குப் போற தைரியம். அதே 18 வயசு, டவுன் சிண்ட்ரோமோ ஆட்டிசமோ இருக்கிற ஒருத்தருக்கு வரும்போது வீட்ல நடக்கிற பேச்சே வேற. ``இனிமே இவனுக்கு கார்டியன் யாரு, யாரு கையெழுத்து போடுறது?'' அவர் மேஜர் ஆகுற நேரம் பார்த்துத்தான், அவருக்குப் பதிலா முடிவெடுக்க இன்னொருத்தரைத் தேட ஆரம்பிக்கிறோம்.

சொத்து, ஆபரேஷன் மாதிரி பெரிய விஷயங்களை விடுங்க. காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும், தோசையா இட்லியா, எந்தச் சட்டை, யார்கூட பேசணும், எப்போ தூங்கணும்... ஒரு நாள்ல நீங்க யோசிக்காமலே எடுக்கிற இந்தக் குட்டிக் குட்டி முடிவுகளை எல்லாம், 30 வயசு வரைக்கும் வேற ஒருத்தர் எடுத்துக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும்? நம்மைச் சுத்தி இருக்கிற பல அறிவுசார் மாற்றுத்திறனாளிகளோட வாழ்க்கை அப்படித்தான் போகுது. பெரும்பாலும் பாசத்தோட, நல்ல எண்ணத்தோடதான் இது நடக்குது. அதனாலதான் இதைக் கேள்வி கேட்கவும் தயக்கமா இருக்கு.

இந்த விஷயத்தை வேற மாதிரி அணுகுகிற ஒரு ஏற்பாடு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருக்கிறது. `செல்ஃப் டிரெக்‌ஷன்' என்று சொல்கிறார்கள். எளிமையாகச் சொன்னால், தனக்கான உதவியைத் தானே இயக்குவது.

பணம் யார் பெயரில்?

வழக்கமான முறை எப்படி என்று முதலில் பார்த்துவிடலாம். அரசு ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ பராமரிப்பு இல்லத்துக்கோ பணம் கொடுக்கும். அந்த நிறுவனம் ஒரு டைம்டேபிள் போடும். காலை வேன், பகல் நேர மையம், மெழுகுவத்தி செய்யும் வகுப்பு, சாயங்காலம் திரும்ப வேன். மெழுகுவத்தி பிடிக்காதவருக்கும் அதே வகுப்புதான். யார் குளிக்க உதவ வருவார் என்பதையும் நிறுவனமே முடிவு செய்யும். இன்று ஒருவர், அடுத்த மாதம் இன்னொருவர்.

செல்ஃப் டிரெக்‌ஷனில் மாறுவது ஒன்றுதான். அதே அரசுப் பணம், அந்த நபருடைய பெயரில் ஒரு பட்ஜெட்டாக ஒதுக்கப்படும். அதை எதற்குச் செலவிடுவது, உதவியாளராக யாரை வேலைக்கு வைப்பது, எத்தனை மணிக்கு வரச் சொல்வது, சரிப்படலைன்னா எப்போ அனுப்புறது... இதையெல்லாம் அவர், தான் தேர்ந்தெடுத்த ஆட்களோடு சேர்ந்து முடிவு செய்வார். வாடிக்கையாளரா இருந்தவர் முதலாளி ஆகிறார்னு வெச்சுக்கலாம்.

இது திடீரென்று வந்த யோசனை கிடையாது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணம் அங்கே இருந்த லகோனியா அரசு விடுதியை 1991-ல் இழுத்து மூடியது. பல ஆண்டுகள் சுவர்களுக்குள் இருந்தவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள். ஆனால், ஊருக்குள்ளும் அவர்களுடைய நாளை நிறுவனங்களே நிர்ணயித்தன. 1993-ல் அதே மாகாணத்தின் கீன் என்ற சின்ன நகரத்தில், ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் நிதியுதவியோடு ஒரு பரிசோதனை தொடங்கியது. `பணத்தை நிறுவனத்துக்குக் கொடுக்காமல், ஆளுக்கு ஒரு பட்ஜெட்டாக ஒதுக்கினால் என்ன?' அந்தச் சின்ன முயற்சி பிறகு பல மாகாணங்களுக்குப் பரவியது.

கலிஃபோர்னியாவில் எப்படி நடக்குது?

தமிழர்கள் நிறைய பேர் இருக்கிற மாகாணம் என்பதால் கலிஃபோர்னியாவையே எடுத்துக்கலாம். உங்க சித்தப்பா பையனோ, காலேஜ் சீனியரோ அங்கே இருந்தா கேட்டுப் பாருங்க. ஆட்டிசம் இருக்கிற குழந்தைகளோட பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்ல `ரீஜனல் சென்டர்' என்ற வார்த்தை ஓயாமல் ஓடும்.

வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவி பெறுவது உரிமை என்று சொல்லும் `லான்டர்மன் சட்டம்' அங்கே 1969-லேயே வந்துவிட்டது. மாகாணம் முழுக்க 21 ரீஜனல் சென்டர்கள் இந்த உதவிகளை ஒருங்கிணைக்கின்றன. `செல்ஃப் டிடர்மினேஷன் புரோகிராம்' என்ற திட்டத்துக்கான சட்டம் 2013-ல் நிறைவேறியது. 2018-ல் குலுக்கல் போட்டு முதல்கட்டமாக ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2021 ஜூலை முதல், தகுதியுள்ள யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஒரு கற்பனை உதாரணம். 24 வயது இளைஞர், ஆட்டிசம் உள்ளவர், அதிகம் பேச மாட்டார், டேப்லெட்டில் படங்களைத் தொட்டுத் தன் தேவையைச் சொல்வார். தினமும் ஒரு பகல் நேர மையத்துக்குப் போகிறார். அங்கே சத்தம் அதிகம். வாரத்துக்கு இரண்டு நாளாவது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். `நடத்தைப் பிரச்னை' என்று ஃபைலில் எழுதுகிறார்கள்.

அவர் இந்தத் திட்டத்துக்கு மாறினால், முதலில் நடப்பது ஒரு பேச்சு. அவர் நடுவில் உட்கார்ந்திருக்க, அவர் தேர்ந்தெடுத்த ஆட்கள் சுற்றி இருப்பார்கள். அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், பழைய டீச்சர், யாராகவும் இருக்கலாம். `இவருக்கு என்ன குறை?' என்ற கேள்வி அங்கே முதலில் வராது. எது பிடிக்கும், எது பயம், ஒரு நல்ல நாள் எப்படி இருக்கும், மோசமான நாள் எப்படி இருக்கும் என்றுதான் கேட்பார்கள். பேச்சு வராதவர் எப்படிப் பதில் சொல்வார்? எந்த இடத்தில் அவர் முகம் மலர்கிறது, எந்த இடத்திலிருந்து எழுந்து ஓடுகிறார், எந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் தொடுகிறார் என்பதெல்லாமே பதில்தான். காதைப் பொத்தியதும் பதில்தான். ஃபைலில் அதைத் தப்பான இடத்தில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்து பட்ஜெட். கடந்த 12 மாதங்களில் அவருடைய சேவைகளுக்கு ரீஜனல் சென்டர் எவ்வளவு செலவு செய்ததோ, அதுதான் அடிப்படைத் தொகை. இதுவரை கிடைக்காத தேவை ஏதாவது இருந்தாலோ, வாழ்க்கையில் மாற்றம் வந்திருந்தாலோ அதைச் சேர்த்துக் கேட்கலாம். பிறகு செலவுத் திட்டம் எழுத வேண்டும். நம் இளைஞர் மையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு, காலையில் நீச்சலுக்குக் கூட வர ஓர் உதவியாளர், வாரம் இரண்டு நாள் ஒரு பேக்கரியில் வேலை பழக இன்னோர் உதவியாளர், போய்வரப் போக்குவரத்து என்று போடலாம். உதவியாளர்களை அவரே பார்த்துத் தேர்ந்தெடுப்பார். இன்டர்வியூ எப்படின்னு கேட்கிறீங்களா? ஒரு மணி நேரம் சேர்ந்து பூங்காவில் நடந்துவிட்டு வந்தாலே தெரிந்துவிடும்.

பணம் கையில் ரொக்கமாக வராது. இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். நிதி மேலாண்மைச் சேவை என்று ஒரு நிறுவனத்தை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளம் போடுவது, வரி பிடிப்பது, பில் கட்டுவது, மாதாமாதம் எவ்வளவு மிச்சம் என்று கணக்குக் காட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. உதவியாளருக்குச் சட்டப்படி முதலாளி யார் என்பதிலும் சாய்ஸ் உண்டு. முழுப் பொறுப்பையும் நீங்களே ஏற்கலாம், நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ளலாம், அல்லது வெளியிலிருந்து சேவை வாங்கி பில்லை மட்டும் அவர்களைக் கட்டச் சொல்லலாம். நெருங்கிய உடல் பராமரிப்புக்கு வருகிறவர்களுக்குக் குற்றப் பின்னணிச் சோதனை கட்டாயம்.

வாழும் ஏற்பாடு, வேலை மற்றும் சமூகப் பங்கேற்பு, உடல்நலம் மற்றும் பாதுகாப்பு என மூன்று பிரிவுகளாகப் பட்ஜெட் இருக்கும். ஒரு பிரிவிலிருந்து 10 சதவிகிதம் வரை இன்னொன்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்காமலே மாற்றிக்கொள்ளலாம். வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் இந்தப் பணத்தைத் தொட முடியாது.

வழிகாட்ட ஒருத்தர்

`இவ்வளவையும் அவரால எப்படிச் செய்ய முடியும்?' என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். தனியாக முடியாது. தனியாகச் செய்யணும்னு யாரும் கேட்கவும் இல்லை. வேண்டுமானால் ஒரு வழிகாட்டியையும் இதே பட்ஜெட்டிலிருந்து அமர்த்திக்கொள்ளலாம். அந்த வழிகாட்டி, இவருக்கு வேறு எந்தச் சேவையையும் விற்பவராக இருக்கக் கூடாது. இந்த ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆலோசனை சொல்கிறவருக்கே அதில் லாபமும் இருந்தால் என்ன ஆகும் என்று, ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்கிட்ட மாட்டின யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பணக் கணக்கே வேண்டாம், ஆனால் முடிவு மட்டும் என்னுடையதாக இருக்கட்டும் என்பவர்களுக்கு ஸ்காட்லாந்தின் வழி இன்னும் சுலபம். அங்கே 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் நான்கு வாய்ப்புகளைத் தருகிறது. பணத்தை நேரடியாக வாங்கி நீங்களே செலவிடலாம். பணத்தை வேறொருவர் வைத்திருக்க, எப்படிச் செலவிடுவது என்று நீங்கள் சொல்லலாம். உள்ளாட்சி நிர்வாகத்திடமே ஏற்பாட்டை விட்டுவிடலாம். அல்லது மூன்றையும் கலந்துகொள்ளலாம். எதுவுமே வேண்டாம், பழைய முறையே போதும் என்பதும் அங்கே ஒரு தேர்வுதான்.

போனைப் பிடுங்கினார்கள்!

பட்ஜெட் கையில் இருந்தும், `நீ முடிவெடுக்கத் தகுதியில்லாதவர்' என்று கோர்ட் சொல்லிவிட்டால்?

பிரிட்னி ஸ்பியர்ஸ் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2008-லிருந்து 2021 நவம்பர் வரை, அவர் சம்பாதித்த பணமும் அவருடைய வாழ்க்கையும் கலிஃபோர்னியா கோர்ட் நியமித்த கன்சர்வேட்டர்களின் பிடியில் இருந்தன. உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிற பாடகிக்கே 13 வருஷம் ஆனது. அந்த வழக்கு கிளப்பிய சூட்டில், 2022-ல் அந்த மாகாணம் புதிய சட்டம் போட்டது. கன்சர்வேட்டரை நியமிக்கும் முன்பு, உரிமையை அவ்வளவாகப் பறிக்காத மாற்று வழிகளைப் பரிசீலிக்க வேண்டும். அதில் ஒன்று, `துணையுடன் முடிவெடுத்தல்'. அதாவது, உங்களுக்காக வேறொருவர் முடிவெடுக்க மாட்டார். நீங்கள் நம்பும் ஒருவர் விஷயத்தை உங்களுக்குப் புரியும்படி விளக்குவார், முடிவு உங்களுடையது. டெக்சாஸ் இதைச் சட்டமாகவே 2015-ல் கொண்டுவந்துவிட்டது.

பிரிட்னி அளவுக்குப் புகழ் இல்லாத இன்னொருவர் கதையும் முக்கியம். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜென்னி ஹாட்ச், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். ஒரு பழைய பொருள் கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடையை நடத்திய, தனக்கு நெருக்கமான குடும்பத்தோடு வாழ விரும்பினார். ஆனால், கார்டியன்ஷிப் வழக்கு போடப்பட்டு, அவர் ஒரு குழு இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். வேலை போனது, போனும் லேப்டாப்பும் பறிக்கப்பட்டன. 29 வயதுப் பெண்ணிடமிருந்து போனை வாங்கி வைப்பது என்றால் என்ன என்று, இதைப் போனில் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2013 ஆகஸ்டில் நீதிபதி அவர் விரும்பிய குடும்பத்தோடு வாழ அனுமதித்தார். அந்தத் தம்பதி ஓர் ஆண்டுக்கு மட்டுமே கார்டியன்கள், அதற்குள் ஜென்னி தானே முடிவெடுக்கப் பழக உதவ வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

``தப்பா முடிவெடுத்துட்டா?'' என்பதுதான் ஒவ்வொரு பெற்றோரின் பயமும். அந்தப் பயம் நியாயமானது. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், துன்புறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால், ராபர்ட் பெர்ஸ்கி என்ற எழுத்தாளர் 1972-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார். ரிஸ்க் எடுப்பதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது என்றார். எல்லா ஆபத்திலிருந்தும் ஒருவரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பினால், வளர்வதற்கான வாய்ப்பையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம். முதல் சம்பளத்தில் தேவையே இல்லாத ஷூ வாங்கிய நம்மை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கலையே!

எல்லாம் பளபளன்னு இல்லை

இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போனால் அது நேர்மையாக இருக்காது.

முதல் பிரச்னை, காகிதம். சேருவதற்கே அறிமுக வகுப்பு, திட்டக் கூட்டம், பட்ஜெட் பேரம், ஒப்புதல், நிதி நிறுவனத்தின் காத்திருப்புப் பட்டியல் என்று மாதங்கள் ஓடிவிடும். உதவியாளர் திடீரென்று லீவு போட்டால் மாற்று ஆளைத் தேடுவது உங்கள் தலைவலி. ஆங்கிலம் தெரிந்த, நேரம் இருக்கிற, படிவங்களைப் பார்த்துப் பயப்படாத பெற்றோர் இருந்தால் எல்லாம் நடக்கும். இல்லாதவர்களுக்கு?

இரண்டாவது பிரச்னை இன்னும் ஆழமானது. பழைய செலவுதான் புதிய பட்ஜெட்டுக்கு அடிப்படை என்று பார்த்தோம் இல்லையா? கலிஃபோர்னியாவில் வெள்ளையினக் குடும்பங்களுக்கு ஆகும் சராசரிச் செலவைவிட லத்தீன் குடும்பங்களுக்கு ஆவது குறைவு என்பது அரசின் கணக்கிலேயே பல ஆண்டுகளாகத் தெரிகிற விஷயம். கேட்கத் தெரியாததால் நேற்று குறைவாக வாங்கியவர்கள், இன்று `உங்க விருப்பப்படி செலவு பண்ணுங்க' என்ற திட்டத்திலும் குறைந்த தொகையோடுதான் தொடங்குகிறார்கள். தேவையை நிரூபித்துக் கூட்டிக் கேட்க வழி இருக்கிறது. ஆனால், அதற்கும் கேட்கத் தெரியணும்.

மூன்றாவது, `செல்ஃப்' என்ற வார்த்தைக்குள் ஒளிந்துகொள்ளும் அம்மா. பட்ஜெட் மகன் பெயரில், முடிவெல்லாம் அம்மாவுடையது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. நிறுவனத்தின் டைம்டேபிளுக்குப் பதில் அம்மாவின் டைம்டேபிள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம ஊர்ல?

இந்தியாவில் தனிநபர் பட்ஜெட் கிடையாது. ஆனால், முடிவெடுக்கும் உரிமை விஷயத்தில் நம் சட்டம் நீங்கள் நினைப்பதைவிட முன்னே இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 13, 14-ம் பிரிவுகளைத் தேடிப் படிச்சுப் பாருங்க.

மற்றவர்களைப் போலவே மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்டத் தகுதி உண்டு என்கிறது 13-ம் பிரிவு. தனக்கு உதவுகிறவரை மாற்றவோ, அந்த ஏற்பாட்டையே கலைத்துவிட்டு வேறொருவரின் துணையைத் தேடவோ அவருக்கு உரிமை உண்டு. பண விவகாரத்தில் உதவுகிறவருக்கும் அவருக்கும் நலன் மோதினால், உதவுகிறவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். 14-ம் பிரிவு `வரையறுக்கப்பட்ட கார்டியன்ஷிப்' பற்றிப் பேசுகிறது. இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு அது. குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட விஷயத்துக்கு மட்டும், அவருடைய விருப்பப்படி. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்து என்பதல்ல.

ஆனால், ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரும்பாலான குடும்பங்கள் போவது 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ்தான். மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். கலெக்டர் நிலையிலான அதிகாரி, பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூன்று பேர் அதில் இருப்பார்கள். அந்தக் குழு இரண்டு கேள்விகளைப் பரிசீலிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இவருக்கு கார்டியன் தேவையா? தேவையென்றால் எதற்காக? இரண்டாவது கேள்விக்கு `எல்லாவற்றுக்கும்' என்று எழுதுவதுதான் நம் பழக்கம். `வங்கிக் கணக்கு, சொத்துப் பராமரிப்பு' என்று தேவையானதை மட்டும் எழுதலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. கார்டியன் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வோர் ஆண்டும் கணக்கும் கொடுக்க வேண்டும். அலட்சியமோ கொடுமையோ நடந்தால் அவரை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

இதையெல்லாம் உங்ககிட்ட ஏன் சொல்றேன்? வீட்ல அப்படி ஒரு அண்ணனோ தங்கையோ இருந்தா, `எங்களுக்கு அப்புறம் நீதான் பார்த்துக்கணும்' என்ற வரியைச் சின்ன வயசுலேர்ந்தே கேட்டிருப்பீங்க. கார்டியன் படிவத்தில் அடுத்த பெயர் உங்களுடையதுதான். எதில் கையெழுத்து போடுறீங்கன்னு தெரிஞ்சு போடுறது நல்லது. விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி, அவர் தானா செய்யுற முடிவுகள், கொஞ்சம் துணை இருந்தா எடுக்கிற முடிவுகள், சுத்தமா முடியாதவைன்னு ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. மூணாவது பட்டியல் நீங்க நினைச்சதைவிடச் சின்னதா இருக்க வாய்ப்பு அதிகம்.

பட்ஜெட்டுக்குப் பக்கத்துல வர்ற ஒரு விஷயமும் நம்மகிட்ட இருக்கு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருது. ஓர் உதவியாளரைச் சம்பளத்துக்கு வைக்க அது பத்தாது. வீட்டுச் செலவோடு செலவாகத்தான் கரையும், கஷ்டப்படுற குடும்பங்கள்ல அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனா, அவர் பேர்ல வர்ற பணத்துல அவர் கையால செலவாகுறது எவ்வளவு?

அடுத்த மாசம் பணம் ஏறினதும் 100 ரூபாயை அவர் கையில கொடுத்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. நாலு அடி பின்னாடி நில்லுங்க. கடைக்காரர் உங்க மூஞ்சியைப் பார்த்து ``தம்பிக்கு என்ன வேணும்?''னு கேட்பார். நீங்க பதில் சொல்லாதீங்க.